பெரட்டுக்களத்தில் பார்த்த விலை

எங்கள் தோட்டத்துக்குப் போனில் கூப்பிடுகிற ஆப் வண்டி நியாயமான விலைக்கு வருகிறது என்று ஓர் அறிக்கை இருக்கிறது. மூன்று மொழியிலும் அச்சடித்து, வழவழப்பான அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் சாட்சி என்று கையெழுத்துப் போட்டிருப்பவன் நான்தான். அப்போது நான் தோட்டக் கமிட்டித் தலைவர். யாரோ எங்களுக்குச் செய்த அநியாயத்தைச் சொல்லி அழ வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டாம். பாதி அநியாயம் என் கையால் நடந்தது.

தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது. அடிவாரத்தில் ரப்பர், ஏற ஏறத் தேயிலை. மெயின் ரோட்டிலிருந்து தேயிலை ஸ்டோர் வரைக்கும் தார்ப்பாதை. ஸ்டோரைத் தாண்டினால் மேல் டிவிசன் லயத்துக்கு, தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, மூன்று கிலோமீட்டர், கல்லும் குழியும்தான். நானும் என் மனைவியும் இருப்பது அங்கே. அவள் இருபது வருசத்துக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவள். பிரஷர்காரி. மாதத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரியில் கிளினிக். அந்தப் பயணத்துக்கெல்லாம் தோட்டத்தில் ஒரு பழைய வேன் இருந்தது. டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கிக் கொடுத்தால் டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய் விடுவார். கதவு ஒழுங்காகச் சாத்தாது, மழை பெய்தால் மடியில்தான் விழும். ஆனாலும் கூப்பிட்டால் வரும். அதன் அருமை அப்போது எவனுக்குத் தெரிந்தது?

பிறகு ஆப் வந்தது. முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம். டவுன் ஸ்டாண்டில் போய் நின்று திரீவீல்காரனிடம் பல்லைக் காட்டிப் பேரம் பேச வேண்டியதில்லை, போனில் விலை தெரிந்துவிடுகிறது என்று இளசுகள் வீடு வீடாகப் போய் ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் புலம்பல் தொடங்கியது. போகும்போது ஒரு விலை, திரும்பும்போது ஒரு விலை. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. கண்ணாடி வெடித்த போனுக்குக் கூட்டிப் போடுகிறான் என்றாள் ஒருத்தி. சார்ஜ் குறைந்திருந்தால் அவசரம் என்று மோப்பம் பிடித்துவிடுகிறான் என்றான் இன்னொருத்தன். தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் விலையை ஏற்றுகிறான் என்று சத்தியம் பண்ணியவர்களும் உண்டு. இதில் எது உண்மை எது பொய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விலையை ஒத்துக்கொண்டு வண்டியைக் கூப்பிட்டதும் டிரைவர் நமக்குப் போன் எடுப்பான். "கொஹேத? வத்தேத?" எங்கே, தோட்டத்திலா என்று கேட்பான். ஆமாம், மேல் டிவிசன் என்று சொன்னால் சத்தமில்லாமல் போனை வெட்டிவிடுவான். மறுபடி கூப்பிட்டால் விலை கூடியிருக்கும். இந்தப் பக்கத்தில் தமிழ் ஆட்கள் நாங்கள் பத்துக்கு ஒருத்தர் இருந்தால் பெரிது, சிங்களம் எங்களுக்குச் சோறு தின்கிற மாதிரி. அதனால் கேள்வி மொழியைப் பற்றியது இல்லை. எங்கள் பையன்களே வண்டி ஓட்டினாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பாதையில் ஒரு தடவை ஏறி இறங்கினால் வண்டியின் எலும்பு கழன்றுவிடும்.

நான் தலைவர் அல்லவா, சும்மா இருப்பேனா? கொழும்பில் இந்த ஆப் விலைகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டது. இரண்டு ஆண்களும் ஓர் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், ஒரே நேரத்தில் பல போன்களில் விலை பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தது. கடிதத்தை நான் லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வாரம் என் கால் தரையில் படவில்லை.

இனி எங்கள் புத்தியைச் சொல்கிறேன். தோட்டத்துக்கு வெளியாள் யார் வந்தாலும் அவரை வரவேற்க எங்களுக்கு ஒரே வழிதான் தெரியும், அது விஏ துரை வருகிற வழி. விஏ துரை என்றால் தோட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கம்பெனி அனுப்புகிற பெரிய துரை. அவர் வர மூன்று நாளுக்கு முன்பே தண்ணீர் வடிகிற கான் வெட்டுவோம், பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் அவர்களுக்குத் தலைசீவிப் புதுக் கோப்பையில் பால் கொடுப்போம். இருமுகிற கிழவனை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். அவர் நின்று, உங்களுக்கு ஏதும் குறை இருக்கிறதா என்று கேட்பார். ஒன்றும் இல்லீங்க என்போம். அவருடைய ஜீப் வளைவு திரும்பியதும் மண்ணை வாரித் தூற்றுவோம். எங்கள் தாத்தாமார் காலத்திலிருந்து இதுதான் நடைமுறை, எங்களை யாரும் இதைச் செய்யச் சொல்லி அடிக்கக்கூடத் தேவையில்லை.

எங்கள் குறையைப் பார்க்க, நாங்களே கடிதம் போட்டு அழைத்தவர்களுக்கும் அதையேதான் செய்தோம். சுண்ணாம்பு வாங்கி ஸ்டோர் முன்னால் அடித்தோம். அங்கேயே, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தைக் கூட்டிப் பெருக்கி, மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்தோம். ஸ்டோரில்தான் சிக்னல் நன்றாக இருக்கும், வந்தவர்களுக்குச் சிரமம் இருக்காது என்று நான் முடிவு பண்ணினேன். சனிக்கிழமை சாயங்காலம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள்.

"அவங்கள லயத்துக்குக் கூட்டிட்டு வாங்க. மழ வர்ற நேரத்துல இங்கேர்ந்து கூப்பிட்டுப் பாக்கட்டும். நாம இங்கேர்ந்துதானே போறோம்" என்றாள்.

விருந்தாளிகளை மூன்று கிலோமீட்டர் நடக்கவிட்டு அட்டைக் கடிக்குக் கொடுக்கச் சொல்கிறாயா, உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அடுப்பங்கரைக்கே திரும்பினாள். முகத்தைப் பார்த்தால் பேச நிறைய இருந்த மாதிரிதான் தெரிந்தது. நான் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை நடந்தது. நல்ல வெயில். இந்த மாகாணத்தில் மழை பின்னேரம் மூன்றுக்குத்தான் கட்டுச்சோற்றோடு வந்து இறங்கும், பத்து மணிக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். எங்கள் ஆட்களிடம் எட்டுப் போன்களை வாங்கி மேசையில் வரிசையாக வைத்தார்கள். வெடித்த போன், புதுப் போன், சார்ஜ் ஏற்றியது, ஏற்றாதது, தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் என்று கவனமாகத்தான் பொறுக்கி எடுத்தார்கள். அந்த அம்மா யாழ்ப்பாணப் பக்கத்தவர், கெட்டிக்காரி, மரியாதையான பேச்சு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியதும் போனுக்குச் சொந்தக்காரர் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஸ்டோரிலிருந்து டவுனுக்கு விலை கேட்டார்கள். எட்டிலும் கிட்டத்தட்ட ஒரே விலை. படம் பிடித்தார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும், பிறகு மறுபடியும். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வண்டியைக்கூட அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் டிரைவர்மாருக்கு நட்டம் வருமாம், அது அவர்களுடைய விதியாம். கொழுந்துத் தராசைச் சோதிக்க வந்தவன் கூடையைத் தொங்கவிடாமலே முள்ளைப் பார்த்துவிட்டுப் போனால் நாங்கள் சிரிப்போம். அன்றைக்கு நாங்கள் கை தட்டினோம்.

என் மனைவி அங்கே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்குக் கோப்பையை நீட்டியவள், கையை எடுக்காமல், "விலையத்தாங்க பாத்தீங்க. வண்டி மேல ஏறுதான்னு யாரும் பாக்கலியே" என்றாள்.

அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கேட்பதற்குத் தயாராகத்தான் இருந்தார், அதை நான் மறைக்கக் கூடாது. நான்தான் குறுக்கே விழுந்தேன். பத்துப் பேர் முன்னால், துரைமாரும் கணக்கப்பிள்ளையும் நிற்கிற இடத்தில், பெண்டாட்டி குறை சொல்லுகிறாள் என்று எனக்கு மானம் போய்விட்டது.

"அவ கெடக்கா, நீங்க எழுதுங்க" என்றேன்.

அவள் வெறும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள், நெளிநெளியாகப் போட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். ஆனால் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து அறிக்கை வந்தது. எங்கள் தோட்டத்தை நடத்துகிற துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நாற்காலியைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். போனுக்குப் போன் வித்தியாசம் இல்லை, பெயருக்குப் பெயர் வித்தியாசம் இல்லை, தோட்டத்திலிருந்து டவுனுக்கு விலை நியாயமானது என்று எழுதியிருந்ததை அவரே வாசித்துக் காட்டினார். பிறகு வேனுக்கு வந்தார். டிரைவர் பென்சன் போகிறார், வண்டியும் ஓய்ந்துவிட்டது. இப்போது எல்லார் கையிலும் ஆப் இருக்கிறது, விலையும் நியாயம் என்று உங்கள் ஆட்களே கண்டுபிடித்திருக்கிறார்கள், இனித் தோட்டம் எதற்காக ஒரு வேனை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டும் என்று கேட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் கையெழுத்தால் கெட்டேன். யூனியன் ஆபீசுக்குப் போனேன். அங்கேயும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டினார்கள். வேனை விற்றுவிட்டார்கள்.

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் நடந்தார்கள், கடன் கேட்கிற மாதிரி கெஞ்சி யாருடைய வண்டியிலாவது ஏறினார்கள். முன்னால் ஏசாமல் முதுகுக்குப் பின்னால் ஏசினார்கள். நான் தலைவர் பதவியை விட்டேன்.

பிறகு அந்த நாள். பின்னேரம் மூன்றரை இருக்கும், மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள் வாசலிலேயே கூடையை இறக்கினாள். வலக்கை விறைத்த மாதிரி இருக்கிறது என்றாள். தலை துவட்டத் துவாயை எடுத்துக் கொடுத்தேன், அவளால் பிடிக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறது. பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் ஓடி வந்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இலவச ஆம்புலன்சுக்குப் போன் எடுத்தேன். வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, திரும்ப நேரமாகும், வேறு வழி இருந்தால் பாருங்கள் என்று உள்ளதைச் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அன்றைக்கு எனக்கு உண்மை சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான். லயத்தில் இருந்த ஒரே திரீவீல் டவுனுக்கு ஹயர் போயிருந்தது.

ஆப்பைத் திறந்தேன். நாலு நிமிடத்தில் வண்டி என்று காட்டியது. விலை என்ன காட்டியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதை எவன் பார்த்தான்? காணி நிலம் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேன். டிரைவர் போன் எடுத்தான். கொஹேத, வத்தேத என்றான். நோயாளி, வாய் கோணிவிட்டது, கும்பிடுகிறேன் என்று சிங்களத்தில் கத்தினேன். பாதி சொல்லும்போதே வெட்டிவிட்டான். அடுத்த வண்டி ஆறு நிமிடம் என்றது. அவன் வந்தான், ஆனால் லயத்துக்கு இல்லை. எங்கள் லயத்துக்கென்று ஒரு விலாசம் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அந்த ஆப்புக்கும் தோட்டம் என்றால் துரையின் பங்களா கேட்தான். அங்கே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். மூன்றாவது வண்டியின் படம் திரையில் ஸ்டோர் வரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றும் வருகிறேன் வருகிறேன் என்றுதான் காட்டியது. நான் வாசலுக்கும் பாதையோர மதகுக்குமாக மழையில் ஓடிக்கொண்டே, வருது, வருது என்று அவளிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நாலு ஆண்பிள்ளைகள் அங்கே நின்றார்கள். வராது என்று தெரிந்திருந்தால் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு முதல் பத்து நிமிடத்திலேயே இறங்கியிருப்போம். ஒரு மணி நேரத்தில் மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம், அங்கே ஏதாவது பஸ்ஸை மறித்திருக்கலாம். வருகிறது என்று காட்டியதால் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி நேரம் இப்படியே போன பிறகு கடைசி நடைக்கு வந்த கொழுந்து லொறியில், கொழுந்து மூட்டைக்கு மேலே அவளைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான். மூன்றரை என்றேன். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். இதற்கு ஓர் ஊசி இருக்கிறது, அதைப் போட நேரக்கணக்கு உண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அந்த நேரம் தாண்டிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். சின்னப் பிள்ளை அவர், என் மகன் வயது இருக்கும். ஏன் தாமதம் என்று கேட்டார். வண்டி வரவில்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

உயிர் தப்பிவிட்டாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தை தவிர. ஒன்பதாம் நாள் அது வந்தது. பசிக்கிறதா என்று நான் கேட்டேன். உதட்டைச் சிரமப்பட்டுக் கூட்டி, வருது என்றாள். எனக்குப் புரியவில்லை. தண்ணீர் வேணுமா என்றேன். வருது. வலிக்கிறதா? வருது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் ஓடினேன். இந்த நோயில் சில பேருக்கு இப்படித்தான், ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொள்ளும், சொல்ல நினைப்பது வேறாக இருக்கும், வாயில் அதுதான் வரும் என்றார். நான் வராந்தாவில் போய் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். என்னைத் திட்டுவதற்கு அவளுக்கு எவ்வளவு இருந்திருக்கும். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம் அல்லவா. அதற்குக்கூட அவளுக்கு வழி இல்லை. கோபத்தில் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வருது என்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து மூன்று மாதமானபோது சோதனைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த அந்த அம்மா எனக்குப் போன் எடுத்தார். சோதனை நடந்த இடங்களில் நிலைமை எப்படி என்று மறுபடி விசாரிக்கிறார்களாம், சில கேள்விகள்தானாம். நான் வெளுத்து வாங்கினேன். வேனை விற்றது, மழையில் வண்டிகள் திரும்பிப் போனது, மனைவியைத் தாமதமாகக் கொண்டுபோனது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, எனக்கு விளங்குது. ஆனா அண்டைக்கு நாங்கள் எடுத்த விலையள் பிழையில்லைத்தானே. எட்டுப் போனிலையும் ஒண்டுதானே காட்டினது."

பிழையில்லை. அதுதான் என்னைக் கொல்லுகிறது. அந்த அறிக்கையில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

ஆப் பாவிக்கிற பெண் ஒருவரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும், உங்கள் வீட்டு அம்மாவோடு கதைக்கலாமா என்று கேட்டார். அவளுக்குப் பேச்சுப் போனதை நான் சொல்லியிருக்கவில்லை. ஏன் போனைக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கேட்கட்டும், காதால் கேட்கட்டும் என்ற வெறியாக இருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அம்மா, இப்ப உங்கட பக்கம் கூப்பிட்டா வண்டி வருதோ?"

"வருது" என்றாள் என் மனைவி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வருது. வருது."

நல்லது அம்மா என்றார் அவர். கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் போனைப் பறித்து, அத எழுதாதீங்க, அவளுக்கு இருக்கிறதே அந்த ஒரு வார்த்தைதாங்க, அது பதில் இல்லீங்க என்று கத்தினேன். நான் அவளுடைய கன்னத்தைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தேன்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ" என்றார் கடைசியில். "அது அனுப்பியாச்சு. இனி மாத்தேலாது."